பூனையின் புண்ணும் மாமாவின் மூக்கும்

பிப்ரவரி 3, காலை

கீழக்கரையிலிருந்து ஒருவர் கேட்டிருப்பது:

"எங்கள் வீட்டுப் பூனைக்கு நாலு வயது. டிசம்பரில் கருத்தடை ஆபரேஷன் செய்தோம். தையல் போட்ட இடம் இன்னும் ஆறவில்லை, சீழ் வைக்கிறது. சீழை டெஸ்டுக்குக் கொடுத்ததில் எம்.ஆர்.எஸ்.ஏ. என்று வந்திருக்கிறது. எந்த மருந்துக்கும் கேட்காத கிருமியாம். வீட்டில் ஏழு மாதக் குழந்தை இருக்கிறது. பூனையை மீன் இறங்கும் கரையில் கொண்டுபோய் விட்டுவிடு, அங்கே பிழைத்துக்கொள்ளும் என்கிறார் மாமியார். பூனைதானே இந்தக் கிருமியை வீட்டுக்குள் கொண்டுவந்தது? விட்டுவிடலாமா?"

பிப்ரவரி 3, இரவு 10 மணி

விட வேண்டாம்.

நான் ராமநாதபுரத்தில் ஒரு லேபில் பதினோரு வருடமாகக் கல்ச்சர் போடுகிறவள். சீழில், சளியில் உள்ள கிருமியைத் தட்டில் வளர்த்து இனம் பார்க்கிற வேலை. மனிதர்களின் சீழ், சளி, சிறுநீர்தான் என் பிழைப்பு. பூனை என் பாடம் இல்லை. ஆனால் இதே கிருமிப் பிரச்சினை என் வீட்டிலும் இப்போது ஓடிக்கொண்டிருப்பதால் எழுதுகிறேன்.

எந்த மருந்துக்கும் கேட்காது என்பது முதலில் தப்பு. ரிப்போர்ட்டின் கீழ்ப்பகுதியில் மருந்துப் பெயர்கள் வரிசையாக இருக்கும், எது கேட்கும், எது கேட்காது என்று எதிரே போட்டிருப்பார்கள். எம்.ஆர்.எஸ்.ஏ. என்றால் அமாக்சிசிலின் உள்ளிட்ட பெனிசிலின் குடும்பமும் அதன் ஒன்றுவிட்ட உறவான செஃபலெக்சின் வகையறாவும் கேட்காது என்று அர்த்தம். மற்ற குடும்பங்களில் ஒன்றிரண்டு கேட்கலாம். அந்தக் காகிதத்தை மாமியாரிடம் காட்டாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்தது, யார் யாருக்குக் கொடுத்தது என்ற கேள்வி. எம்.ஆர்.எஸ்.ஏ. என்பது மெத்திசிலின் என்ற பெனிசிலின் வகை மருந்துக்கு அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ். ஆரியஸ் அடிப்படையில் மனிதனின் மூக்கில் குடியிருக்கும் கிருமி. பத்துப் பேரை நிறுத்தினால் ஏறக்குறைய மூன்று பேர் மூக்கில் இருக்கும், ஒரு தொந்தரவும் செய்யாமல். வீட்டுப் பூனையிடம் கிடைக்கிற எம்.ஆர்.எஸ்.ஏ.வை ஆராய்ந்தவர்கள், அது அந்தந்த நாட்டு மருத்துவமனைகளில் மனிதர்களிடம் சுற்றும் அதே ரகம் என்றுதான் பெரும்பாலும் கண்டிருக்கிறார்கள். ஆக, நாம்தான் பூனைக்குக் கொடுத்திருப்போம். பூனை திருப்பிக் கொடுப்பதும் உண்டு. 1988-இல் பிரிட்டனில் ஒரு முதியோர் வார்டில் இந்தக் கிருமி ஓயாமல் வந்துகொண்டே இருக்க, கடைசியில் வார்டில் வளர்ந்த பூனையிடமும் அது இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். நம் பாம்பன் சாலைப் பாலம் திறந்த அதே வருடம்.

குழந்தை விஷயத்தில் பயம் நியாயம்தான். புண்ணைத் துடைக்கிறவர் கையுறை போடட்டும், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவட்டும். தொட்டிலில் பூனை ஏறக் கூடாது. பூனை படுக்கும் துணியைத் தனியாகத் துவைத்து நல்ல வெயிலில் போடுங்கள். நம் ஊரில் அது ஒன்றுக்குத்தான் பஞ்சமில்லை.

பிப்ரவரி 4

ஒன்று விட்டுப்போனது. கரையில் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்பதற்கு. பிழைத்துக்கொள்ளும், சீழோடு. மீன் கூடை, ஐஸ் பெட்டி, ஏலத் தரை எல்லாவற்றிலும் படுத்து எழும். அதே மீனை வாங்கி நீங்களே குழம்பு வைப்பீர்கள்.

பிப்ரவரி 6

என் கதையைச் சொல் என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

எங்கள் வீடு பாம்பனில், வடகடல் பக்கம். பூனையின் பெயர் சூடை. வீட்டுக்கு வந்த முதல் நாளே உலையருகில் வைத்திருந்த சூடை மீனை எடுத்துக்கொண்டு ஓடியதால் மாமனார் வைத்த பெயர். மாமா முப்பது வருடம் கடலுக்குப் போனவர். இப்போது சர்க்கரை, கால் புண், திண்ணையில் உட்கார்ந்து வலை பொத்துவது. பகல் முழுக்கச் சூடை அந்த வலைக் குவியலில்தான் கிடக்கும். யாராவது தூக்கினால் வலையும் சேர்ந்து வரும்.

நவம்பர் மழையில் வால் தொடங்கும் இடத்தில் ஒரு புண். சண்டையில் பட்டதோ, தகரம் கீறியதோ, தெரியாது. ஒரு ரூபாய் அகலம்தான். கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போக மழை விடவில்லை என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் சோம்பல். மாமாவின் கால் புண்ணுக்கு வாங்கி மிச்சம் கிடந்த அமாக்சிசிலினில் அரை அட்டை இருந்தது. கால் கால் மாத்திரையாக உடைத்து மீனுக்குள் வைத்து நாலு நாள் கொடுத்தேன். புண் காய்ந்தது. நிறுத்தினேன். டிசம்பர் முதல் வாரம் அதே இடத்தில் இரண்டு ரூபாய் அகலம்.

லேபில் வேலை பார்க்கிறவளே இப்படிச் செய்யலாமா என்று கேட்பீர்கள். கேளுங்கள். வீட்டில் என்னைத் தவிர எல்லோரும் கேட்டாயிற்று.

அப்புறம் மாமி தன் வைத்தியத்தைத் தொடங்கினார். கடல் தண்ணீர். செம்பில் மொண்டுவந்து புண்ணின் மேல் ஊற்றியதில் சூடை ஓட்டின் மேல் ஏறி இரண்டு நாள் இறங்கவில்லை. "உப்புப் பட்டா எந்தப் புழுவும் சாகும்" என்பது மாமியின் கட்சி.

பிப்ரவரி 7

மாமியின் கட்சி பற்றி.

உப்பு பல கிருமிகளை அடக்கும், இல்லையென்றால் கருவாடு என்ற பண்டமே இருக்காது. ஆனால் ஸ்டெஃபிலோகாக்கஸ் உப்புக்கு அடங்காத சாதி. கடல் தண்ணீரில் சுமார் 3.5 சதவீதம் உப்பு. லேபில் இந்தக் கிருமியைத் தனியே பிரித்தெடுக்க நாங்கள் பயன்படுத்தும் மேனிட்டால் சால்ட் அகார் என்ற உப்புக் கூழில் 7.5 சதவீதம், கடலைவிட இரண்டு மடங்கு. மற்ற கிருமிகள் பலவும் அதில் சுருண்டுவிட, இது ஜம்மென்று வளரும். 10 சதவீதத்திலும் வளரும். வாலிநோக்கம் உப்பளத்துப் பாத்தியில் கொண்டுபோய் விட்டால்தான் கொஞ்சம் யோசிக்கும்.

போதாக்குறைக்குக் கடல் தண்ணீரில் விப்ரியோ வகைக் கிருமிகள் உண்டு. சர்க்கரையோ கல்லீரல் கோளாறோ உள்ளவர் திறந்த புண்ணோடு கடலில் இறங்கக் கூடாது என்று சொல்வது அதற்காகத்தான். மாமாவுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், அவர் இதைப் படிக்க மாட்டார் என்றாலும்.

பிப்ரவரி 11

லேபில் வேலை முடிந்த பிறகு சூடையின் சீழைப் போட்டுப் பார்த்தேன். ஓனர் கேட்டால் பழைய தட்டு என்று சொல்வதாக இருந்தேன். கேட்கவில்லை.

கண்ணாடிச் சில்லில் ஊதா நிறத்தில் கொத்துக் கொத்தாக உருண்டைகள். 1880களில் ஆக்ஸ்டன் என்ற ஸ்காட்லாந்து சர்ஜன் இதைப் பார்த்துவிட்டு, கிரேக்கத்தில் திராட்சைக் குலைக்கு உள்ள சொல்லை வைத்துப் பெயர் சூட்டினார். எனக்கு எப்போதும் நாவல்பழக் கொத்துதான் ஞாபகம் வரும். முயல் பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் தெளிந்த நீரில் விட்டேன், உறைந்தது. உறைய வைத்தால் ஆரியஸ், உறைய வைக்காவிட்டால் சாதாரணத் தோல் வாசி. எங்கள் லேபில் தினமும் இப்படித்தான் பிரிக்கிறோம்.

அடுத்து மருந்து டெஸ்ட். தட்டு முழுக்கக் கிருமியைப் பூசி, மருந்து தோய்த்த சின்னக் காகித வட்டுகளை மேலே வைத்து, 35 டிகிரியில் ஓர் இரவு விட வேண்டும். மருந்து கேட்டால் வட்டைச் சுற்றிக் கிருமி முளைக்காமல் வெற்று வளையம் விழும். மெத்திசிலின் எதிர்ப்பைப் பார்க்க மெத்திசிலினையே வைப்பதில்லை. செஃபாக்சிட்டின் வட்டுதான் வைக்கிறோம். 22 மில்லிமீட்டர் வளையம் இருந்தால் மருந்து கேட்கும். 21 அல்லது அதற்குக் கீழே என்றால் எம்.ஆர்.எஸ்.ஏ.

சூடைக்கு 24.

மூச்சு வந்தது. சாதாரண ஆரியஸ், செஃபலெக்சின் போதும். கால்நடை மருத்துவரிடம் தாளைக் காட்டினேன். அவரும் எழுதிக் கொடுத்தார்.

பிப்ரவரி 11, கொஞ்ச நேரம் கழித்து

மறந்துவிட்டேன். மாமாவின் மூக்கிலும் பஞ்சுக் குச்சி விட்டேன். ஆரியஸ் இருக்கிறது, நல்ல பொன் நிறக் காலனி. ஆரியஸ் என்ற சொல்லுக்கே லத்தீனில் பொன் என்றுதான் பொருள். சூடை நாளெல்லாம் அவர் மடியில். கேஸ் முடிந்தது. "மாமா, உங்க மூக்குலருந்துதான் சூடைக்குப் போயிருக்கு" என்றேன். மனுஷர் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. பூனையோடும் பேசவில்லை என்பதுதான் வருத்தம்.

பிப்ரவரி 14

ராமநாதபுரத்துக்குப் பஸ்ஸில் பூனையை எப்படிக் கொண்டுபோகிறீர்கள் என்று கேட்ட தம்பிக்கு. மூடி போட்ட பனை ஓலைப் பெட்டி, உள்ளே பழைய துணி. கண்டக்டர் பெட்டியைப் பார்த்து, மீனா என்றார். இல்லை, மீன் தின்கிறது என்றேன். லக்கேஜ் போடவில்லை. பாலத்தில் காற்று அடித்தபோது சூடை போட்ட சத்தத்தில் முன்சீட்டுக் குழந்தை அழுதது. அது தவிர நிம்மதியான பயணம்.

பிப்ரவரி 27

பதினோராம் தேதி எழுதியதை அழிக்கவில்லை. அதில் உள்ளது தப்பு என்று இங்கே எழுதுகிறேன், மேலிருந்து படித்து வருகிறவர்கள் இங்கே வந்து நிற்கட்டும்.

செஃபலெக்சின் இரண்டு வாரம், வேளை தவறாமல், ஒவ்வொரு வேளையும் நான் ஒரு கீறல் வாங்கிக்கொண்டு கொடுத்தேன். புண் ஓர் இழைகூடச் சுருங்கவில்லை. வளையம் 24 இருக்கிறதே, ஏன் கேட்கவில்லை? திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த, தெரிந்த பெண் ஒருத்தியிடம் போனில் புலம்பினேன். அவள் கேட்டது ஒரே கேள்வி.

"அக்கா, அது ஆரியஸ்தான்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

பிளாஸ்மா உறைந்தது என்றேன். "பிளாஸ்மாவை உறைய வைக்கிறது ஆரியஸ் மட்டும் இல்லையே. அதே ஸ்டெஃபிலோகாக்கஸ்ல சூடோஇன்டர்மீடியஸ்னு இன்னொரு இனமும் வைக்கும். அதுக்கு செஃபாக்சிட்டின் வட்டை நம்பக் கூடாது. ஆக்சசிலின் வட்டு வச்சீங்களா?"

வைக்கவில்லை. மனிதர்களின் லேபில் அந்தக் கிருமி எப்போதாவது வந்தாலும் ஆரியஸ் என்றே எழுதிவிட்டுப் போய்விடுவோம். பதினோரு வருடத்தில் எத்தனை எழுதினேனோ.

அன்று சாயங்காலமே குளிர்பெட்டியில் இருந்த தட்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். முதல் நாளே பார்த்திருக்க வேண்டியது. மாமாவின் தட்டில் காலனிகள் பொன் நிறம். சூடையின் தட்டில் வெள்ளை, லேசான சாம்பல். உப்புத் தட்டு இன்னும் தெளிவு. ஆரியஸ் அதில் உள்ள மேனிட்டால் என்ற சர்க்கரை வகையைப் புளிக்க வைத்துச் சிவப்புத் தட்டை மஞ்சளாக்கும், மாமாவின் பாதி அப்படித்தான் மாறியிருந்தது. சூடையின் பாதி சிவப்பாகவே கிடந்தது. ஒரே தட்டில் கோடு போட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்தவள் நான். என் கண் முன்னால்தான் இருந்தது. ஆனால் மாமா குற்றவாளி என்று முடிவு கட்டிவிட்ட பிறகு தட்டையா பார்ப்பேன்?

ஆக்சசிலின் வட்டு வைத்தேன். இதில் 18 மில்லிமீட்டர் வேண்டும். முழு 24 மணி நேரம் கழித்துப் பார்த்தால் வளையமே இல்லை. வட்டின் ஓரம் வரை புல் முளைத்த மாதிரி வளர்ந்திருந்தது.

பிப்ரவரி 28

மாமாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "என் மூக்கு சுத்தம்னு உன் தாள்ல எழுதிக் கொடு" என்றார். சுத்தம் என்று எழுத முடியாது, ஆரியஸ் இருக்கிறதே. "பூனைக்குப் பொறுப்பில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். சட்டைப் பையில் வைத்திருக்கிறார்.

மார்ச் 2

சூடோஇன்டர்மீடியஸ் என்றால் என்ன என்று கேட்டவர்களுக்கு. அப்படி ஒன்று தனியாக இருக்கிறது என்பதே 2005-இல்தான் முடிவானது. பெல்ஜியம் நாட்டு ஆய்வாளர்கள் பூனை, நாய், குதிரை, கிளி என்று நாலு பிராணிகளிடமிருந்து கிடைத்ததை வைத்துப் பெயரிட்டார்கள். அதன் சொந்த வீடு நாய். நாயின் தோலிலும் மூக்கிலும் வாயிலும் ஆரியஸ் நம்மிடம் இருப்பதுபோல் இருக்கும். பூனையிடம் குறைவு.

எங்களிடம் நாய் இல்லை. எதிர்வீட்டில் டைகர் இருக்கிறது. காதில் எப்போதும் சீழ், எப்போதும் ஏதோ ஒரு சொட்டு மருந்து. டைகரும் சூடையும் சண்டை போடாத நாளில்லை. டைகரின் காதில் பஞ்சுக் குச்சி விட எதிர்வீட்டு அக்கா சம்மதிக்கவில்லை. அதனால் இங்கேயே நிறுத்துகிறேன். ஒருமுறை மூக்கைப் பிடித்துச் சூடுபட்டவள், இப்போது காதைப் பிடிக்கத் தயாரில்லை.

மார்ச் 5

பிப்ரவரி 3 குறிப்புக்குத் திருத்தம். நாம்தான் பூனைக்குக் கொடுத்திருப்போம் என்று எழுதியது ஆரியஸுக்குப் பொருந்தும். சூடோஇன்டர்மீடியஸுக்குப் பொருந்தாது. அது மனிதனைப் பிடிப்பது அபூர்வம். கீழக்கரை அக்கா, உங்கள் லேபில் கேளுங்கள், ஆரியஸ் என்று எதை வைத்துச் சொன்னார்கள் என்று. பிளாஸ்மா மட்டும் என்றால் என்னைப் போலத்தான் அவர்களும். உங்கள் கேஸில் ஆபரேஷன் நடந்திருப்பதால் மனிதக் கையிலிருந்து ஆரியஸே போயிருக்கவும் இடமுண்டு. இரண்டுக்கும் கை கழுவுவதில் வித்தியாசமில்லை, குழந்தையைப் பற்றிய பயத்தின் அளவில்தான் வித்தியாசம்.

இன்னொன்று, உள்ளே தையல் நூல் ஏதாவது தங்கியிருக்கிறதா என்று மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். நூலின் மேல் இந்தக் கிருமி பாசி மாதிரிப் படலம் கட்டி உட்கார்ந்துகொள்ளும். அந்தப் படலத்துக்குள் மருந்து சரியாகப் போகாது. நூலை எடுத்தால்தான் ஆறும்.

மார்ச் 9

எழுத வந்ததை விட்டுவிட்டு இதை அவசரமாக எழுதுகிறேன். நேற்று ஒருவர், பூனைக்குக் காய்ச்சல் அடிக்கிறது, பாரசிட்டமால் பாதி கொடுத்தேன் என்று போகிறபோக்கில் எழுதியிருந்தார்.

கொடுக்கவே கூடாது. பாதியும் கூடாது, காலும் கூடாது. அந்த மருந்தைக் கழித்து வெளியேற்றும் வேலை பூனையின் கல்லீரலுக்குச் சரியாக வராது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும், ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும், மூச்சு வாங்கும், முகம் வீங்கும். ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். கொடுத்துவிட்டால் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரி.

புண்ணில் டெட்டால், பினாயில் போடுவதும் அப்படித்தான். பூனை நக்கும், அதற்கு அது விஷம். சூடைக்கு மருத்துவர் கொடுத்தது நன்றாக நீர்த்த குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி, நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு. கூம்போடு வலைக் குவியலில் இறங்கி மாட்டிக்கொண்டதை எழுத இன்னொரு நாள் வேண்டும்.

மார்ச் 10

நேற்றைய ஆள் எழுதியிருக்கிறார். பூனை பிழைத்துவிட்டதாம். சரி.

மார்ச் 13

நான் கொடுத்த அரை அட்டை அமாக்சிசிலின்தான் கிருமியை இப்படி மாற்றிவிட்டதா? ராத்திரி படுத்தால் இதுதான் ஓடுகிறது.

மாற்றவில்லை. அப்படி நினைப்பது எளிது, ஆனால் விஷயம் வேறு. கிருமி தன் சுவரைப் பின்னிக்கொண்டே இருக்கும், மாமா வலை பின்னுவது மாதிரி. பெனிசிலின் வகை மருந்து அந்த வலை ஊசியைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். பின்னல் நின்று, கிருமி வெடித்துச் சாகும். மெக் ஏ என்ற ஜீன் உள்ள கிருமியிடம் இன்னொரு ஊசி இருக்கிறது. மருந்து அதில் ஒட்டாது, பின்னல் நிற்காது. ஆரியஸின் எம்.ஆர்.எஸ்.ஏ.வுக்கும் சூடையிடம் இருப்பதற்கும் இந்த ஊசி பொது. மெத்திசிலின் 1959-இல் வந்தது, 1961-இல் பிரிட்டனில் அதற்கு அடங்காத ஆரியஸைப் பதிவு செய்துவிட்டார்கள். இரண்டே வருடம்.

ஆக, அந்த ஜீனை என் கால் மாத்திரை உண்டாக்கவில்லை. அது எங்கிருந்தோ ஏற்கெனவே வந்திருக்கிறது. நான் செய்தது, அதற்குப் போட்டியாக இருந்த சாதுவான கிருமிகளையெல்லாம் வழித்தெடுத்தது. வலைக்கண்ணுக்குச் சிக்கியதெல்லாம் போயிற்று, சிக்காதது மட்டும் புண் முழுக்கத் தனக்கென்று எடுத்துக்கொண்டது. டிசம்பரில் புண் இரட்டிப்பானது அதனால்தான் என்று நினைக்கிறேன். பிப்ரவரியில் என் தப்பான ரிப்போர்ட்டை வைத்துக் கொடுத்த செஃபலெக்சினும் அதே வலை, அதே கண்.

இதை மாமாவிடம் வலையைக் காட்டியே சொன்னேன். "சின்னக் கண்ணு வலைக்குத்தான் தடை இருக்குல்ல" என்றார். அது வேறு என்றேன். வேறா என்று இப்போது யோசிக்கிறேன்.

மார்ச் 20

சூடையின் கிருமிக்கு டாக்சிசைக்ளின் என்ற வேறு குடும்ப மருந்து கேட்கிறது என்று வட்டு சொன்னது. கிளிண்டாமைசினும் கேட்பது போலத்தான் இருந்தது. ஆனால் எரித்ரோமைசின் வட்டைப் பக்கத்தில் வைத்தபோது அந்தப் பக்கம் மட்டும் வளையம் தட்டையாகி ஆங்கில டி எழுத்து மாதிரி ஆனது. அப்படி ஆனால் அந்த மருந்தை நம்பக் கூடாது, பாதியில் காலை வாரிவிடும்.

டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது: பூனைக்கு மாத்திரை உணவுக்குழாயிலேயே ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தை அரித்து, பிறகு குழாயே சுருங்கிவிடும். மாத்திரை போட்டதும் சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீரோ, பின்னாலேயே உணவோ உள்ளே போக வேண்டும். நாங்கள் காரல் மீன் வேகவைத்த தண்ணீர் கொடுக்கிறோம். சூடை இப்போது மாத்திரைக்காகக் காத்திருக்கிறது.

மார்ச் 21

தொண்டிப் பக்கத்திலிருந்து ஒருவர்: "சண்டையில் கடிபட்டுக் கன்னம் வீங்கிவிட்டது, எம்.ஆர்.எஸ்.ஏ.வா?"

அநேகமாக இல்லை. பூனைப் பல்லால் வரும் சீழ்க்கட்டியில் பெரும்பாலும் பூனை வாயில் வாழும் பாஸ்சுரெல்லாவும் காற்று வேண்டாத வேறு கிருமிகளும் இருக்கும். கீறி, சீழை வெளியேற்றினாலே பாதி குணம். வட்டமாக முடி கொட்டி ஓரம் சிவந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம், பூஞ்சை. அதற்கு இந்த மாத்திரைகள் எதுவும் வேலை செய்யாது. இந்த இழையைப் படித்துவிட்டு எல்லாப் புண்ணிலும் எம்.ஆர்.எஸ்.ஏ.வைத் தேட வேண்டாம். நோயில்லாத பூனையின் மூக்கில் குச்சி விட்டுப் பார்ப்பதும் தேவையில்லை. நானே சொல்கிறேன்.

இறால் பண்ணை மருந்துதான் காரணமா என்று கேட்டவருக்கு: பண்ணையில் குளோராம்ஃபெனிகால், நைட்ரோஃபியூரான் எல்லாம் தடை செய்யப்பட்டவை. தடையை யார் மதிக்கிறார்கள் என்பது தனி விவாதம். என் பூனைக்கு மருந்து கொடுத்தது பண்ணைக்காரர் இல்லை.

மார்ச் 30

கீழக்கரை அக்காவிடமிருந்து: "தையல் முடிச்சு ஒன்று உள்ளேயே இருந்திருக்கிறது. எடுத்துவிட்டார்கள். பத்து நாளில் சீழ் நின்றுவிட்டது. மாத்திரைகூட மாற்றவில்லை. லேபில் கேட்டேன், பிளாஸ்மா டெஸ்ட் மட்டும்தான் செய்தார்களாம். பூனை வீட்டில்தான் இருக்கிறது. மாமியார் இப்போது அதற்கு முரல் மீன் முள் எடுத்துக் கொடுக்கிறார்."

இதற்கு நான் சேர்க்க எதுவுமில்லை. அந்த முரலை நினைத்துத்தான் எனக்குக் கொஞ்சம் பொறாமை.

ஏப்ரல் 17

பதினைந்தாம் தேதி தடைக்காலம் தொடங்கிவிட்டது. இனி 61 நாள் விசைப்படகுகள் கரையில். வலையெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டதால் சூடைக்கு மெத்தை மூன்று மடங்கு. புண் மூடிவிட்டது. முடி இன்னும் முளைக்கவில்லை, வாலடியில் ஐம்பது காசு அளவு வழுக்கை. டாக்சிசைக்ளின் மூன்று வாரம் முழுக்கக் கொடுத்தேன். காய்ந்த மாதிரித் தெரிந்த எட்டாம் நாளே நிறுத்திவிடலாமா என்று கை துறுதுறுத்தது. நவம்பரில் நாலாம் நாள் நிறுத்தியதும் இதே கைதான்.

மே 8

மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் கொடுக்கிறார்களே, நாம் என்ன செய்வது என்ற கேள்வி வந்தபடியே இருக்கிறது. அட்டையின் பின்னால் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருக்கும், பாருங்கள். 2016-இல் அரசு அதைப் பற்றிப் பெரிய பிரச்சாரமே செய்தது. சீட்டில்லாமல் வாங்கக் கூடாத மருந்து என்று அர்த்தம். அதற்கு முன்பே 2014 மார்ச்சிலிருந்து சில ஆன்டிபயாடிக்குகளை விற்கும்போது கடைக்காரர் நோயாளியின் பெயரைத் தனி நோட்டில் எழுத வேண்டும் என்ற விதியும் வந்துவிட்டது. எங்கள் தெருக் கடையில் நான் நோட்டைக் கேட்டேன். காட்டினார், எடுத்ததும் தூசி பறந்தது. என் வீட்டு அலமாரியைத் திறந்து பார்த்தபோது ஐந்து அட்டைகள், ஐந்திலும் கோடு, ஒன்றிலும் மாத்திரை முழுசாக இல்லை. கடைக்காரரைத் திட்ட வந்தவள் திரும்பிப் போய்விட்டேன்.

மே 9

அந்த ஐந்து அட்டைகளை என்ன செய்தேன் என்று கேட்டவருக்கு: கடலில் போடவில்லை. லேபில் கழிவு எடுக்க வரும் வண்டியில் சேர்த்துவிட்டேன். மாமாவின் இப்போதைய மருந்து டப்பா மட்டும் அலமாரியில் இருக்கிறது, எண்ணி வைத்திருக்கிறேன்.

ஜூன் 16

தடை முடிந்து படகுகள் போய்விட்டன. வலைகளும் போய்விட்டதால் சூடைக்குக் கோபம், நேற்று முழுக்கத் தெருவில். சாயங்காலம் டைகரோடு மறுபடி ஒரு சண்டை, மூக்கில் சின்னக் கீறல் ஒன்றோடு வந்தது. மாமா தூக்கி வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மெதுவாக எழுந்து அலமாரிப் பக்கம் போனார். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கண்ணாடிய எடுக்கத்தான் வந்தேன்" என்றார்.

கண்ணாடி அவர் மூக்கின் மேல்தான் இருந்தது.